வற்றிய குட்டையில் கால்பந்துக் கோப்பை

ஆலங்குட்டைத் தவளைகளுக்குத் தலைகால் புரியவில்லை! காட்டின் மாபெரும் கால்பந்துப் போட்டியைத் தங்கள் குட்டையில் நடத்த அவை விண்ணப்பம் போட்டிருந்தன. உள்ளங்கை அகலக் குட்டை! அதுவும் கோடையில் வற்றி, ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதில்தான் அவற்றின் தலைப்பிரட்டைக் குஞ்சுகள் நீந்தின. அதனால் என்ன? ஆசைப்பட வரியா கேட்கிறார்கள்?

விண்ணப்பம் எழுதியவர் தலைவர் மாசிலாமணித் தவளை. புளுகென்றால் அப்படி ஒரு புளுகு! பாறை இடுக்குகள் விருந்தினர் மாளிகையாம். காய்ந்த தாமரை இலைகள் மெத்தை இருக்கையாம். நடுவர் நாரை அலகைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று நிபந்தனை வேறு!

பார்வையிட வந்த யானையார் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் வற்றிய தரையில் கால் வைத்ததும் அசந்துபோனார்.

"அடேயப்பா! பலகை மாதிரி இருக்கிறதே! போட்டி உங்களுக்குத்தான். ஆனால் தரை நனையக் கூடாது. நீங்கள் கத்தினால் மழை வருமாமே? கடைசி ஆட்டம் முடியும்வரை ஒருவரும் வாய் திறந்து கத்தக் கூடாது!"

"அவ்வளவுதானே? வாயைத் தைத்துக்கொள்கிறோம்!" என்று குதித்தார் மாசிலாமணி.

வேலை மும்முரமாய் நடந்தது. நாலாம் நாள் மனைவி வடிவு வந்தாள்.

"என்னங்க, பள்ளத்துத் தண்ணி சுண்டிப்போச்சு. பிள்ளைங்க மூச்சு வாங்குதுங்க. ஒரு குரல் கொடுத்து மழையைக் கூப்பிடுங்களேன்!"

"சும்மா இரு புள்ள! நாளைக்குத் தொடக்க விழா. மானம் போயிடும்!" சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு அன்று ஒரு ஈகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காடே திரண்டது! மரமெல்லாம் குரங்குகள். மேடையில் மாலையோடு மாசிலாமணி. கரடியும் மானும் அவர் பெயரைச் சொல்லிக் கூவின. இப்படி ஒரு பெருமை எந்தத் தவளைக்குக் கிடைத்தது! யானையார் பந்தை நடுவில் வைத்தார்.

அப்போது வடிவு ஓடிவந்தாள். "வெறும் சேறுதாங்க மிச்சம்! நம்ம கடைக்குட்டி அசையவே இல்லீங்க!"

மாசிலாமணி பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மாலையைக் கழற்றி எறிந்தார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கர்ர்ர்... கொர்ர்ர்!"

தவளைகள் திகைத்தன. பிறகு அத்தனையும் சேர்ந்துகொண்டன! வானம் கறுத்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது மழை! கோல் கம்பங்கள் மிதந்தன. நாரை கட்டிய அலகோடு ஓட்டம் பிடித்தது. பள்ளம் நிரம்பியது. கடைக்குட்டி மெல்ல வாலை ஆட்டியது. வடிவு ஓவென்று அழுதாள், சிரித்தாள்.

"கெடுத்தீரே ஐயா! போட்டி இனி கரடிமலைக்குத்தான்!" என்று பிளிறினார் யானையார்.

"தாராளமாக் கொண்டு போங்க! பந்தை மட்டும் விட்டுட்டுப் போங்க. எங்க பிள்ளைங்க விளையாடட்டும்!" என்றார் மாசிலாமணி.

ஊர் கைதட்டுவதற்காக வீட்டுப் பிள்ளையைத் தவிக்க விடக் கூடாது.