பாலத்தில் நின்றவன்

"இன்னும் எத்தனை தடவை ஜெயித்துக் காட்ட வேண்டும்?" என்று கேட்டான் படைத்தலைவன் விடங்கன்.

கேட்டது எயினியிடம். படைத்தலைவர்களுக்குப் போர் பழக்குகிறவள் அவள். விடங்கனைவிட வயதில் இளையவள். மணலில் ஆறும் குன்றும் அமைத்து, களிமண் வீரர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டித் தீர்ப்புச் சொல்வாள். அவள் சரி என்றால்தான் அரசர் படையை அனுப்புவார்.

படை கோட்டை வாசலில் காத்திருந்தது.

இந்த ஆட்டத்திலும் விடங்கனுக்குத்தான் வெற்றி. சிறு கூட்டமொன்றைப் பாலத்தில் நிறுத்தி எதிரியை அங்கே இழுத்தான். அந்தச் சிறு கூட்டம் மடிந்துகொண்டிருக்கும்போதே பெரும்படை மேற்கே ஆற்றைக் கடந்துவிட்டது.

"ஆட்டத்தில் குறையிருந்தால் சொல்லுங்கள்."

"குறையில்லை. அழகாக ஆடினீர்கள்."

"பிறகென்ன? தலையசைத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா?"

அவள் சிரித்தாள். விழுந்து கிடந்த பொம்மைகளில் ஒன்றை எடுத்துப் பாலத்தில் நிறுத்தினாள்.

"இன்னொரு ஆட்டம். இவன் மட்டும் உங்களுக்கு."

"ஒற்றை ஆளை எங்கே நகர்த்த?"

"நகர்த்த வேண்டாம். அவனாக இருங்கள்."

"இது போர்ப் பயிற்சியா, கதை விளையாட்டா?"

"அதே மணல்தான். அதே கட்டைதான். எதிரி நெருங்குகிறான். என்ன செய்கிறீர்கள்?"

"நிற்கிறேன். நிற்கச் சொல்லி உத்தரவு."

"எதற்காம்?"

"மேற்கே நம்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பாலத்திலிருந்து பார்த்தால் மேற்கே குன்றுதான் தெரிந்தது.

"தெரியாது" என்றான்.

"பக்கத்தில் யார்?"

விடங்கன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆதன். என் ஊர்க்காரன். பெரிய வாயாடி. காலையிலிருந்து பேச்சையே காணோம்."

எயினி கட்டையை உருட்டினாள்.

"ஆதன் தொடையில் அம்பு."

"அவனைத் தூக்கிக்கொள்ளலாமா? அதற்கு விதி உண்டா?"

"என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"தோளில் போட்டுக்கொள்கிறேன். இந்தப் பாலம் எதனால் கட்டியது?"

எயினி நிமிர்ந்தாள். இத்தனை ஆட்டத்தில் அதை அவன் கேட்டதில்லை. அவனுக்குப் பாலம் மணலில் கிடக்கும் ஒரு குச்சி, அவ்வளவுதான்.

"மூங்கில். இரண்டு கரையிலும் கயிற்றால் கட்டியிருக்கிறது."

"என் இடுப்பில் கத்தி இருக்குமே?"

"இருக்கிறது."

"ஆதனோடு நம் கரைக்கு ஓடுகிறேன். மற்றவர்களையும் கூப்பிடுகிறேன். எல்லோரும் வந்ததும் கயிற்றை அறுத்துவிடுவோம். எதிரி அந்தக் கரையிலேயே முட்டிக்கொண்டு நிற்கட்டும். மேற்கே..."

அவன் குரல் இறங்கியது.

"மேற்கே யார் கடந்தாலும் கடக்கட்டும். அதற்கு நாங்கள் சாக வேண்டியதில்லை."

எயினி கட்டைகளைக் கையில் எடுத்தாள். உருட்டாமல் வைத்துக்கொண்டாள்.

"படைத்தலைவரே, நீங்கள் கிளம்பலாம். அரசருக்கு நான் சொல்லி அனுப்புகிறேன்."

விடங்கன் எழுந்திருக்கவில்லை.

"கட்டையை உருட்டுங்கள்" என்றான். "ஆதன் கரைக்கு வந்தானா, இல்லையா?"