நாவற்குடியின் கை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று உண்ணாமலைக்கு வழியெல்லாம் பயம். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் பழி தன் தலையில்தான் விழும். ஓடைக்கரைக் குடிசை வரும்வரை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தாள்.

ஓடைச்சாமி அவளைவிட வயதில் இளையவர். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஆறூர்ச் சபையிலே அநியாயம் நடந்துபோச்சு."

"உட்காருங்கக்கா. முதல்ல தண்ணி குடிங்க."

குடிக்கவில்லை. சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஆறு ஊருக்கும் சட்டம் ஒன்று. எந்த ஊரில் வழக்கு நடந்தாலும் நடுவர்களோடு அடுத்த ஊர்க்காரர் ஒருவரும் உட்கார வேண்டும். அவருக்கென்று தனி மணை. அது காலியாக இருந்தால் தீர்ப்பு செல்லாது. உள்ளூர் நடுவருக்குத் தலைவர்மேல் பயம் இருக்கும், அயலூராருக்கு இருக்காது என்று முன்னோர் செய்த ஏற்பாடு.

வெட்டுப்பாறைத் தலைவர் தன் ஊர் மணையை அடுப்பில் வைத்து எரித்துவிட்டார். பழைய நடுவர்களை விரட்டிவிட்டு மச்சானையும் மருமகனையும் உட்காரவைத்தார். பொதுக் குதிரிலிருந்த தானியம் எங்கே என்று கேட்ட பூவாயிக்கு இருட்டறை.

"சபை என்ன சொல்லிச்சு?"

"மத்த அஞ்சு ஊரும் கை தூக்கினாத்தான் கண்டிக்க முடியும். நாலு கைதான் எழுந்துச்சு, சாமி. ஒரு கை எழல."

மூலையில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். பூவாயியின் புருஷன். வெட்டுப்பாறையிலிருந்து தப்பிவந்து சாமியிடம் ஒண்டியிருந்தான்.

"அது எந்த ஊர்க் கைன்னு கேளுங்க சாமி. நாவற்குடிக் கை. இந்த அம்மாவோட கை."

நாவற்குடிக்காகச் சபையில் கை தூக்கும் பொறுப்பு உண்ணாமலையின் கணவருக்கு இருந்தது. அவர் போனபின் அவளுக்கு வந்தது.

"நான் என்ன செய்வேன்? எங்க உப்பு வண்டி வெட்டுப்பாறை வழியாத்தான் வரணும். கையை மடியிலேயே வச்சுக்கோன்னு ஊர்ப் பெரியவங்க சொல்லிட்டாங்க. சபையிலே ஏன்னு கேட்டாங்க. தோள்பட்டை வலின்னேன்."

"தைலம் தடவினீங்களா?"

"கேலி பண்ணாதீங்க சாமி. வெட்டுப்பாறை வழக்கு வெட்டுப்பாறையோட. என்மேல பாவம் உண்டா, அதைச் சொல்லுங்க."

சாமி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"தம்பி, இந்த அக்கா என் செம்பைத் திருடிட்டாங்க. கையைக் கட்டு."

விறகு கட்டும் கயிற்றோடு அவன் வந்தான். உண்ணாமலை சிரித்தாள். கயிறு இறுகியதும் சிரிப்பு நின்றது.

"நான் தொடவேயில்லை சாமி! அதோ, செம்பு அடுப்பண்டையிலேயே இருக்கு!"

"இருக்கட்டும். திருடினீங்கன்னு நான் தீர்ப்புச் சொல்லியாச்சு."

"நீங்களே சொன்னா ஆச்சா? மணைக்காரரைக் கூப்பிடுங்க!"

"கூப்பிடலாமே. நாவற்குடி மணைக்கு எந்த ஊர்லேர்ந்து வரணும்?"

உண்ணாமலை கட்டுண்ட தன் கைகளைப் பார்த்தாள்.

வெட்டுப்பாறையிலிருந்து.

சாமியே கயிற்றை அவிழ்த்தார். மணிக்கட்டில் தடம் சிவந்திருந்தது.

"அடுத்த சபை எப்போக்கா?"

"அறுப்பு முடிஞ்சதும்."

"அதுவரைக்கும் தோளைப் பார்த்துக்குங்க."

இந்த முறை தூக்கிவிடுவேன், யார் என்ன சொன்னாலும் தூக்கிவிடுவேன் என்று புலம்பிக்கொண்டே வீடு வந்தாள்.

அறுப்பு தொடங்கவில்லை. உப்பு வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். வெட்டுப்பாறைத் தலைவரின் மச்சான். நேரே போய் நாவற்குடி மணையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். சட்டப்படி அது அவருக்குரிய இடம். பெரியவர்கள் கும்பிட்டார்கள்.

முதல் வழக்கு, தப்பி வந்தவனுக்கு இடம் கொடுத்த குற்றம். பூவாயியின் புருஷனை அதே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடைச்சாமியைக் கையைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

உள்ளூர் நடுவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருட்டறை" என்றார் மணைக்காரர். "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

ஊரின் கைதான் முதலில் எழ வேண்டும் என்பது நாவற்குடி வழக்கம். கூட்டம் உண்ணாமலையைத் திரும்பிப் பார்த்தது.

மணைக்காரரும் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா! தோள்வலின்னு கேள்விப்பட்டேன். எங்க ஊருக்குப் பெரிய உபகாரம். இன்னிக்கும் வலிக்குதாம்மா?"

யாரோ சிரித்தார்கள்.

"வலிச்சாச் சொல்லுங்க. இருட்டறையிலே இன்னொரு ஆளுக்கு இடமிருக்கு."

ஓடைச்சாமி அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்ணாமலை கையைத் தூக்கினாள். காதை ஒட்டி, நேராக, எல்லோருக்கும் தெரியும்படி.