வெறுங்கைக்கு ஒரு உறை

ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள்ள ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள வெறுங்கைன்னு ஒருத்தன் இருந்தான். கேட்ட பொருள் இல்லேன்னா, பதிலுக்கு அவனைத்தான் அனுப்புவாங்க. அவனைப் பொருள்னு நினைச்சு யாராவது தொட்டுட்டா புரோகிராமே சுருண்டு விழுந்துரும். அதனால அவன் வந்தா எல்லாரும் ஒதுங்கி நிப்பாங்க. நல்லாருக்கியான்னு கேட்ட ஆள் கிடையாது.

அவனை அனுப்புறவர் அலமாரி. தனக்குள்ள என்ன வைக்கப் போறாங்கன்னு தெரியாமலே பிறந்தவர். அதுல அவருக்குக் கொஞ்சம் பெருமை. கேன்டீன்ல சாப்பாட்டுச் சீட்டு வைப்பார், வார்டுல கட்டில் நம்பர் வைப்பார். எதைக் குடுத்தாலும் வாங்கி வைப்பேன், என்னன்னு கேக்குறது நம்ம பழக்கமில்லன்னு சொல்லிக்குவார். தனக்குள்ள ஒருத்தர் பேருல அறை இருந்தா, அதுல இருக்கிறதை எடுத்து நீட்டுவார். அறையே இல்லேன்னா வெறுங்கையை அனுப்புவார். ரொம்ப நாள் அது ஒழுங்காத்தான் நடந்துச்சு.

வாசல்ல கம்பைலர் அண்ணாச்சி. புரோகிராம் ஓடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் நிறுத்திப் பாத்து, வெறுங்கை வந்தாலும் வரலாம்ங்கிற இடத்துல எல்லாம் பாத்துத் தொடுங்கன்னு ஒரு கேள்விக்குறிச் சீட்டு ஒட்டுவார். அவரை ஏமாத்திட்டு ஒருத்தரும் உள்ள போனதில்ல.

ஒருநாள் அலமாரிக்குப் புது வேலை வந்துச்சு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாதுன்னு வைக்கணும். அப்ப, எல்லா மருந்தும் ஒத்துக்கும்னு சொல்றவங்க அறையில எதை வைக்கிறது? வெறுங்கையையே பிடிச்சு உட்கார வச்சாங்க.

அவனுக்கு அன்னைக்கே இது சரியாப் படல. நேரா வாசலுக்குப் போனான்.

"அண்ணாச்சி, அறைக்குள்ள இருந்தும் நாந்தான் வாறேன். யாரும் கேக்காம, அறையே இல்லேன்னாலும் நாந்தான் வாறேன். இன்னொரு சீட்டு ஒட்டக் கூடாதா?"

"ஒம்பது சீட்டு வேணும்னாலும் ஒட்டும்வே. என் சட்டத்துல அது ஒரு சீட்டுதான். வெறுங்கை வரலாம்னு எழுதியாச்சு, நீரும் வாறீரு. அதுக்கு மேல எனக்கு என்ன சோலி?"

அண்ணாச்சி கெட்டவர் இல்ல. சட்டத்துல உள்ளதை மட்டும் பாக்குறவர்.

மூணாம் நாள் மத்தியானம் முப்புடாதின்னு ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. கட்டட வேலையில துருப்பிடிச்ச கம்பி கால்ல ஏறி, காய்ச்சல் கொதிக்குது. வந்த அவசரத்துல எந்த மருந்து ஆகாதுன்னு யாரும் கேக்கல. அவங்க பேருல அறையும் திறக்கல.

செலின் சிஸ்டர் ஊசியில மருந்தை ஏத்திட்டு, கம்ப்யூட்டர்ல ஒருதடவை பாத்துருவோம்னு தட்டுனாங்க. திரை உள்ள திரும்பி அலமாரியைக் கேட்டுச்சு. அலமாரி தேடுனார். முப்புடாதி பேருல அறை இல்ல. வழக்கம்போல, போடான்னு வெறுங்கையைத் தள்ளி விட்டார்.

வெறுங்கை நடந்தான். நான் எந்த அறையில இருந்தும் வரல, அந்த அம்மாகிட்ட இன்னும் யாரும் கேக்கவே இல்லன்னு சொல்லணும். ஆனா அவனைப் பேச விடுற வழக்கம் அங்க கிடையாது. திரை அவனைத் தூரத்துல கண்டதும், தொடாம கொள்ளாம, பதவிசா எழுதிருச்சு: ஆகாத மருந்து எதுவும் இல்லை.

சிஸ்டர் படிச்சுட்டு ஊசியைக் கையில எடுத்தாங்க. முப்புடாதி தோளைப் பஞ்சால துடைச்சுக்கிட்டே, பேச்சுக்குத்தான் கேட்டாங்க, இதுக்கு முன்னால ஊசி போட்டு ஏதும் ஆயிருக்கான்னு.

"ரெண்டாவது பிரசவத்துல போட்டாவ சிஸ்டர். தொண்டை அடைச்சு, பொழைச்சதே பெரிய காரியம். பென்சிலினோ என்னமோ சொன்னாவ."

ஊசி தட்டுக்கே திரும்பிப் போச்சு. அதுவும் பென்சிலின்தான்.

புரோகிராம் எழுதுன இசக்கிராஜை சாயங்காலமே வரவழைச்சாங்க. செலின் சிஸ்டர் அவனைத் திட்டல. முப்புடாதி கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு, இங்க உட்கார்ந்து வேலையைப் பாரு தம்பின்னாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு அவனுக்கு.

அங்க உட்கார்ந்தே அலமாரிக்குப் புது வழக்கம் எழுதுனான். அறைக்குள்ள எதை வச்சாலும் உறையில போட்டு வைக்கணும், வெறுங்கையா இருந்தாலும் சரி. உறையோட வந்தா, கேட்டாச்சு. உறையில்லாம வந்தா, இன்னும் யாரும் கேக்கல.

ஒண்ணுமில்லாததுக்கு ஒரு உறையான்னு அலமாரி முணுமுணுத்தார். அப்புறம், உறைக்குள்ள என்னன்னு இப்பவும் நான் கேக்குறதில்லன்னு சமாதானம் ஆயிட்டார்.

மறுநாள் திரவியம்னு ஒரு பெரியவருக்காக வெறுங்கை உறையில ஏறி வந்தான். திரை பிரிச்சுப் பாத்துட்டு, ஆகாத மருந்து இல்லைன்னு எழுதுச்சு. அடுத்து ஒரு கைக்குழந்தை. அறை இல்ல, வெறுமனே வந்தான். திரை சிவப்பா எழுதுச்சு: இன்னும் கேட்கவில்லை, கேளுங்கள்.

வாசல்ல இருந்து பாத்துக்கிட்டிருந்த அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். "ரெண்டு தடவையும் நீர்தானவே வந்தீரு?"

"நாந்தான் அண்ணாச்சி. ஆனா இப்ப, எங்க இருந்து வாறேன்னு பாக்காங்க."