குவிமாடம் கண் திறந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரியும். கிழக்குக் கடலோரத்தில் இருந்த ஒரு கிரேக்க ஊரில் லியோந்தியோஸ் என்ற கொத்தனாரும் அவர் மனைவி மக்ரீனாவும் ஒன்பது வருடம் பாடுபட்டு ஒரு தேவாலயம் கட்டினார்கள். நான்கு பெரிய தூண்கள், அவற்றின் மேலே செங்கல்லால் ஒரு குவிமாடம். அதன் உட்புறமெங்கும் மக்ரீனா பொன்பூசிய கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருந்தாள். உள்ளே வெளிச்சம் வர வழியில்லாததால் அந்தப் பொன்னை யாரும் சரியாகப் பார்த்ததில்லை.

கதவு மாட்டிப் பூட்டிய மறுநாள் ஒரு தகைவிலான் குருவி வந்து லியோந்தியோஸின் தோளில் உட்கார்ந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"கொத்தனாரே, நீங்கள் பூட்டிய கதவுக்கு உள்ளே, குவிமாடத்தின் அடியில் என் கூடு இருக்கிறது. அதில் ஐந்து குஞ்சுகள்."

"காலையும் மாலையும் பூசைக்குக் கதவைத் திறப்போமே."

"அதுவரை பசி தாங்குமா? நாழிகைக்குப் பத்து தடவை இரை கொடுக்க வேண்டும்."

"கூட்டை எடுத்து வெளியே வைக்கட்டுமா?"

"அது வெறும் மண். தொட்டால் உதிர்ந்துவிடும்."

லியோந்தியோஸ் ஏணி போட்டு ஏறினார். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குச் செங்கற்களைப் பெயர்த்தார். குருவி உள்ளே பாய்ந்தது.

மூன்றாம் நாள் அந்தத் துவாரத்துக்கு மேலே ஒரு விரிசல் ஓடியது. ஊர்த்தலைவர் நிக்காந்திரோஸ் வந்து பார்த்து முகம் வெளுத்தார்.

"ஒரு குருவிக்காகக் கோயிலை விழ விடுவாயா? அடைத்துவிடு."

லியோந்தியோஸ் சாந்தோடு மேலே போனார். குஞ்சுகள் அவரைத் தாய் என்று நினைத்து வாயைத் திறந்தன. அவர் கரண்டியைச் சாந்திலேயே செருகிவிட்டு இறங்கினார்.

"ஒரு பக்கம் மட்டும் திறந்ததால்தான் பாரம் சாய்கிறது. சுற்றிலும் சமமாகத் திறந்தால் நிற்கலாம்" என்றார் மனைவியிடம்.

"நிற்காவிட்டால்?"

"நீ வெளியே போய்விடு."

மக்ரீனா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள். "உயரத்தில் ஏறினால் உங்களுக்கு இன்றைக்கும் கால் நடுங்குகிறது. நான் போனால் ஏணியை யார் பிடிப்பது?"

முதல் துவாரத்துக்கு நேர் எதிரே ஒன்று திறந்தார். பிறகு இரு பக்கமும் ஒவ்வொன்று, இப்படியே சுற்றிலும். தூசி கொட்டும்போதெல்லாம் மக்ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. ஐந்து நாள் வேலை நடந்தது. விரிசல் அதற்கு மேல் ஓடவில்லை.

கடைசிச் செங்கல் வெளியே வந்தபோது காலை வெயில் உள்ளே கொட்டியது. குவிமாடம் முழுக்கப் பொன் எரிந்தது. தலையெல்லாம் செங்கல் தூளாக நின்ற மக்ரீனா அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு நன்றாகவா பதித்திருக்கிறேன்?" என்றாள் மெல்ல.

திட்டுவதற்காக வந்த நிக்காந்திரோஸ் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். "இதைத் தாங்குவது எது, லியோந்தியோஸ்? வானத்திலிருந்து தொங்குவதுபோல் இருக்கிறதே."

லியோந்தியோஸ் தன் மனைவியின் தலையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று முதல்தான் அந்தப் பக்கத்துத் தேவாலயங்களில் குவிமாடத்தின் அடியைச் சுற்றி ஜன்னல்கள் வைக்கிறார்கள். வசந்தம் வந்ததும் தகைவிலான் குருவிகள் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து கூடு கட்டுகின்றன.