நூறாம் மாடத்து ஓலை

வெகு காலத்துக்கு முன்னே செங்காட்டுச் சீமையை வலங்கைராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கேட்ட ஓலை கேட்ட நொடியில் கைக்கு வரவேண்டும் அவருக்கு. அரண்மனை ஏட்டுச்சாலையிலோ ஓலை வைக்க வரிசையாக நூறு மாடங்கள். ஓலை எடுத்துவர ஒரே ஓர் ஆள். கேட்ட வரிசைப்படியே எடுத்ததில், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடி ஓடி அவனுக்குக் கால் வீங்கிவிட்டது.

“பக்கத்து மாடத்து ஓலையை முதலில் எடு!” என்று சட்டம் போட்டார் ஏட்டுச்சாலை அதிகாரி தாண்டவராயர். வேலை பறந்தது. ராஜா அவருக்கு முத்துமாலை போட்டார். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள், ஏட்டுச்சாலையைப் பெருக்கும் அஞ்சலை சபைக்கே வந்துவிட்டாள்.

“அதிகாரி ஐயா வழி தப்பு சாமி. நடத்திக் காட்டுறேன்.”

“விளக்குமாறு பிடிக்கிறவளா எனக்குப் பாடம் சொல்வது?” என்று சிரித்தார் தாண்டவராயர்.

“தோற்றால் உன் வேலை போச்சு” என்றார் ராஜா.

“சரி சாமி.”

சபைத் தரையில் நூறு கோடு கிழித்தாள். மாடத்துக்கு ஒரு கோடு. ஓலைக்குப் பதில் சீட்டுகளைப் போட்டாள். நடக்கும் அடிக்கு ஒரு புளியங்கொட்டை. கேட்ட வரிசையில் எடுத்தால் நூற்றைம்பத்தைந்து கொட்டை. அஞ்சலை, தான் பெருக்குகிற மாதிரியே, அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, வழியில் கிடந்ததை எல்லாம் எடுத்தாள்: நூற்றுப்பத்து. தாண்டவராயர் தன் வழியில் நடந்தார்: வெறும் எழுபது!

“பார்த்தாயா?” என்று மீசையை முறுக்கினார்.

“இருங்க ஐயா. ஓலை கேக்குறவங்க கேட்டுக்கிட்டேதானே இருக்காங்க? இன்னொரு தடவை நடங்க.”

பழைய சீட்டுகளை மறுபடி பரப்பினாள். அவர் எடுக்க எடுக்க, நடுக்கோடுகளில் புதுச் சீட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மனுஷர் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். வேர்த்து விறுவிறுத்தது. சபை சிரித்தது. நூறாம் கோட்டுச் சீட்டு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. “என் வழியில அடி கூடும் சாமி, ஆனா கோடி வரைக்கும் போறதால எதுவும் விடுபடாது” என்றாள் அஞ்சலை.

“அது என்ன ஓலை?” என்று கேட்டார் ராஜா.

“எம்புருசன் விடுதலை ஓலை சாமி. குத்தமில்லைன்னு நீங்க முத்திரை வச்சு நாப்பது நாளாச்சு. ஓலை வராம கதவைத் திறக்கமாட்டேங்குறாங்க.”

சிரிப்பு அடங்கிவிட்டது. ராஜாவே தலையைக் குனிந்துகொண்டார்.

சிறையிலிருந்து அந்த ஓலையைக் கேட்டு வந்த சீட்டைத் தினம் பார்த்தவர் தாண்டவராயர். ‘தூரம், அப்புறம்’ என்று ஒதுக்கியவரும் அவரேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் கேட்காமலே முத்துமாலையைக் கழற்றி வைத்தார்.

“இனி அஞ்சலை வழிதான் சட்டம். ஏட்டுச்சாலைப் பொறுப்பும் அவளுக்கே. தாண்டவராயரே, அந்த ஓலையை நீரே கொண்டுபோய்க் கொடும்” என்றார் ராஜா.

தாண்டவராயர் நூறாம் மாடம் வரை நடந்து, தூசி தட்டி, ஓலையைச் சிறைக்குக் கொண்டுபோனார். கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக வெளியே வந்தவன், விஷயம் ஒன்றும் தெரியாமல் அவர் காலில் விழுந்தான்.

“இவ்வளவு பெரிய மனுஷர், எனக்காக நீங்களே கொண்டுவந்தீங்களே! நீங்க நல்லா இருக்கணும் ஐயா!”

அவன் கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தாண்டவராயருக்கு.