ஷல்மாயே என்ற பெயர் வந்த விதம்

பறவைகள் பேசியது எல்லா மனிதர்களுக்கும் புரிந்த காலம் அது. மனிதர்கள் பேச்சுதான் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது.

அந்தக் காலத்தில் பாலைவனத்தின் ஓரத்தில் பேத்ஹவ்ரா என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே இருந்தவர்கள் அரமேய மொழி பேசுகிறவர்கள். ஊருக்கு வெளியே, மணல்வெளியில், கறுப்புக் கூடாரம் போட்டு வாழும் கூட்டம் ஒன்று அலைந்துகொண்டிருந்தது. வலை விரித்துக் கௌதாரி பிடிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அவர்கள் பேச்சு வேறு. ஊர்க்காரர்கள் அவர்களைத் திருடர்கள் என்று நினைத்தார்கள். கிணற்றுப் பக்கம் வந்தால் கல்லால் அடித்து விரட்டுவார்கள்.

ஒரு கோடையில் பேத்ஹவ்ராவிலிருந்து பதினேழு பேர் உப்பு வெட்டி எடுக்கப் போனார்கள். மதில் காவலன் ஹன்னானின் மனைவி ஷப்பீராவும் அவர்களில் ஒருத்தி. திரும்பும் வழியில் மணற்புயல் அடித்தது. மூன்று நாள் ஓயவில்லை. ஹன்னான் மதிலை விட்டு இறங்கவே இல்லை. யார் சாப்பாடு கொண்டுவந்தாலும், "அவள் வரட்டும்" என்று சொல்லிவிடுவான்.

நாலாம் நாள் காலையில் கூடாரத்தார் அந்தப் பதினேழு பேரையும் ஒரு பாறை மறைவில் கண்டார்கள். உதடு வெடித்து, எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் கிடந்தார்கள்.

கூட்டத்தின் தலைவி அத்னா தண்ணீர்த் தோல்பையை அவிழ்த்தாள். அவள் தம்பி நேமூர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நமக்கே இது ஒரு நாளைக்குத்தான். போன மாசம் என் மண்டையை உடைத்தது இவர்கள் ஊர்க்காரன்தான்."

"தெரியும். கையை எடு."

ஆளுக்கு இரண்டு மிடறு ஊற்றியதும் பை காலியாகிவிட்டது. அடுத்த கிணறு இரண்டு நாள் தூரம். நேமூர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போது கௌதாரி ஒன்று பாறைமேல் வந்து இறங்கியது. அதன் நெஞ்சு இறகெல்லாம் நனைந்திருந்தது. அத்னா அதைக் கவனித்துவிட்டாள்.

"தாயே, பக்கத்தில் எங்கோ தண்ணீர் இருக்கிறது. எங்கே என்று சொல்."

"சொல்லமாட்டேன்," என்றது கௌதாரி. "என் குஞ்சுகளுக்காக இறகில் நனைத்துக்கொண்டு போகிறேன். உங்களுக்குத் தெரியாத ஊற்று அது ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் வலை விரிப்பீர்கள்."

அத்னா ஒட்டகத்தின் மேலிருந்த வலையை இழுத்துப் போட்டாள். அவளும் அவள் அம்மாவும் நான்கு குளிர்காலம் உட்கார்ந்து பின்னிய வலை. இடுப்புக் கத்தியை எடுத்து அதைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்தாள். முதலில் "அக்கா!" என்று அலறிய நேமூர், பதினேழு பேரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு மறுமுனையை அவனே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

வலை துண்டு துண்டானதும் கௌதாரி எழும்பியது. "என் நிழலைத் தொடர்ந்து வாருங்கள்."

பதினேழு பேரையும் ஒட்டகங்களில் ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். பாறைகளுக்கு நடுவே, முழங்கால் ஆழத்தில், குளிர்ந்த தண்ணீர். ஒட்டகங்களும் மனிதர்களும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து குடித்தார்கள். ஷப்பீரா தன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் தலையையும் தொட்டுப் பார்த்தாள். கடைசித் தலையைத் தொட்டதும் அழுதுகொண்டே, "ஷல்மீன், ஷல்மீன்" என்றாள். ஒருவர்கூடக் குறையவில்லை என்று அர்த்தம். மொழி தெரியாவிட்டாலும் அத்னாவுக்கு அது புரிந்துவிட்டது. அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பேத்ஹவ்ராவின் மதிலுக்கு எதிரே புழுதி கிளம்பியது. நிறைய ஒட்டகங்கள். கொள்ளைக்கூட்டம் என்று நினைத்து வில்லாளிகள் அம்பைத் தொடுத்தார்கள். புழுதிக்கு முன்னால் ஒரு பெண் மட்டும் வெறுங்கையை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தாள்.

"நில்! நீங்கள் யார்?" என்று ஹன்னான் கத்தினான்.

அரமேய மொழிக் கேள்வி அத்னாவுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் நடுங்குவது கேட்டது. தன் ஆட்களை எதிர்பார்த்து நிற்கிறவன் வேறு எதைக் கேட்பான்? தெரிந்த ஒரே சொல்லை உரக்கச் சொன்னாள்:

"ஷல்மீன்!"

ஹன்னான் திகைத்தான். "குறையாதவர்களா? அப்படி ஒரு ஜனமா?" என்று வில்லாளிகளைப் பார்த்தான். அவர்களுக்கும் தெரியவில்லை.

அதற்குள் புழுதி அடங்கியது. முதல் ஒட்டகத்தின் மேலிருந்து, "ஹன்னான், கதவைத் திற! எல்லாரும் வந்துவிட்டோம்!" என்று ஷப்பீராவின் குரல் கேட்டது.

அவன் படியில் பாதி தூரம் ஓடினான், மீதி தூரம் உருண்டான். கதவு திறந்தது. பதினேழு வீட்டாரும் தெருவில் அழுதார்கள், சிரித்தார்கள். ஹன்னான் ஒரு குடத்தில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு வந்து, முதல் வாய் நேமூருக்குக் கொடுத்தான். நேமூர் அவனை முறைத்துப் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான்.

"வந்தவர்கள் யார்?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"அவர்கள் வாயாலேயே சொன்னார்களே," என்றான் ஹன்னான். "ஷல்மீன் என்று. அந்த ஜனம் ஷல்மாயே."

அந்த மாலையிலிருந்துதான் அரமேய மொழி பேசுகிறவர்கள் கறுப்புக் கூடாரத்தாரை ஷல்மாயே, அதாவது ஒருவர்கூடக் குறையாதவர்கள், என்று அழைக்கிறார்கள்.