கூடுதலாக ஒரு வரிசை

விமானக் கம்பெனி முதலாளி தண்டபாணிக்குப் பயணிகள் காலை நீட்டினாலே வயிறு எரியும். ஒருநாள், சீட் பொருத்தும் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

“விமானத்துல இன்னொரு வரிசை சீட் போடணும். ஒரு பயணிகூட குறை சொல்லக் கூடாது. சொன்னா உனக்கு வேலை இல்ல.”

இருக்கிற வரிசைகளிலேயே முழங்கால் முன்சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது. முடியாது என்றால் வேலை இன்றைக்கே போய்விடும்.

“போட்டுடலாம் சார். முதல் பயணத்துல நீங்களே அதுல உக்காந்து வாங்க. பத்திரிகைக்காரங்களையும் கூப்பிடுங்க” என்றாள்.

பத்திரிகை என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

விமானம் மேலே ஏறியதும் முன்சீட்டுக்காரர் சீட்டைப் பின்னால் சாய்த்தார். முதலாளியின் தொப்பை நெஞ்சுக்கு ஏறியது. வழியும் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை.

“சீட் எப்படி சார்?” என்று நிருபர் கேட்டார்.

“ரொம்ப சொகுசு” என்றார், கிடைத்த மூச்சில்.

மதுரையில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கூடவே வந்திருந்த இசக்கியம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஒருத்தர்கூட குறை சொல்லல சார். என் வேலை தப்பிச்சுது.”

“முதல்ல இந்த வரிசையைக் கழட்டித் தொலை” என்று முனகினார்.

“அதுக்குத்தான் வந்தேன் சார். கழட்டாம உங்களை வெளிய எடுக்க முடியாது” என்று ஸ்பேனரை எடுத்தாள்.